வெளிச்சம் பிடித்த கை

போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பழைய சாக்குகளுக்கும் உடைந்த மண்ணெண்ணெய் அடுப்புக்கும் நடுவிலிருந்து ஓர் அட்டை சரிந்து விழுந்தது. டிவி வந்த பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த அட்டை. ஒரு பக்கம் முழுக்கப் பார்சல் சோறு மடிக்கும் அலுமினியத் தாளை மைதாப் பசையால் ஒட்டியிருந்தது. ஓரத்தில் எலி கடித்திருந்தது. மற்றபடி அப்படியே இருந்தது. "இதையும் நாளைக்கு நெருப்புல போட்டுரலாமா?" என்று அம்மா கேட்டார். நான் அதைக் கையில் வாங்கி வாசல் வெயிலுக்குத் திருப்பினேன். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்து ஆடியது. அதற்குள் ஊரடங்குக் காலம் முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது.

2020 மார்ச் மாதம் சேலத்தில் கல்லூரியை மூடியதும், கையில் ஒரு பையோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நாகலூருக்கு வந்து சேர்ந்தேன். ஏற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட். அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும், நிழலில் காப்பிச் செடிகளுமாக இருக்கும். நான் வந்த வாரம் ஒரு நல்ல மழை பெய்து காப்பி பூத்திருந்தது. மல்லிகை போல வாசம் வீசும் வெள்ளைப் பூ. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஊரே வாய் மூடிக் கிடந்த அந்த நாட்களில் வாசம் மட்டும் தாராளமாக நடமாடியது.

கல்லூரிப் பாடத்துக்காகத் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு விலை குறைந்த ஸ்மார்ட்போன் வாங்கினோம். அதில்தான் நான் படம் எடுக்கப் படித்தேன். சித்தி மகள் வாட்ஸப்பில் ஓர் இணைப்பு அனுப்பினாள். சென்னையில் ஓர் ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராக இருந்தவர், படப்பிடிப்புகள் எல்லாம் நின்றுபோனதால், வாரத்தில் இரண்டு மாலை ஜூமில் வகுப்பு எடுக்கிறார் என்றாள். கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முடிந்ததை அனுப்பச் சொன்னார். இலவச ஜூம் என்பதால் நாற்பதாவது நிமிடம் வகுப்பு தானாக அறுந்துவிடும். எல்லோரும் மறுபடி அதே இணைப்பை அழுத்தி உள்ளே வருவோம். வருவதற்குள் பாதிப் பேரைக் காணாது. திருநெல்வேலி, ஆம்பூர், கும்பகோணம், ஒருவர் மட்டக்களப்பு. யார் முகமும் சரியாகத் தெரியாது. குரல்தான் பழக்கம்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. தோட்டத்துக்கு மேலே உள்ள பாறைக்குப் போனால் இரண்டு கோடு வரும். அந்தப் பாறையில் அந்த வருடம் நடந்த கூட்டம் கோயில் வாசலிலும் நடந்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம், திருப்பூரில் மாட்டிக்கொண்ட மகனோடு பேச வந்த அம்மாக்கள் இன்னொரு பக்கம், நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நான். "அகலமா ஒரு ஷாட், நடுவுல ஒண்ணு, அப்புறம் கிட்ட போங்க" என்று வாத்தியார் சொல்வது பாறை முழுக்கக் கேட்கும். ஆடு மேய்க்க வருகிற மாமா ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டு, என்னைக் கண்டாலே "என்னா கண்ணு, இன்னிக்கு கிட்ட போகச் சொன்னாங்களா, தூரமா?" என்று விசாரிப்பார்.

அந்த வகுப்பில் கற்றவை இன்றும் கையில் இருக்கின்றன. போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், மூச்சை விட்டபடி நகர்த்து என்றார். எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்கச் சொன்னார். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது என்பார். ஃபிளைட் மோடில் போட்ட பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு வினாடியில் நூறு முறை துடிக்கிறது. அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு வினாடியில் வைத்தால் கோடு கோடாக ஓடாது. இதையெல்லாம் அவர் ஏதோ பெரிய வித்தை போலச் சொல்லவில்லை. சமையல் சொல்லித்தருகிற அக்கறையோடு சொன்னார். ஷான் பேக்கர் என்ற அமெரிக்க இயக்குநர் 2015இல் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்ததைச் சொன்னார். அந்த ஊரடங்கிலேயே மகேஷ் நாராயணனும் ஃபகத் ஃபாசிலும் சேர்ந்து 'சீ யூ சூன்' என்ற மலையாளப் படத்தை ஐபோனில் எடுத்து வெளியிட்டபோது, வாத்தியாரின் குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. தன் தொழில் சாகவில்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் பாடத்தில் எங்கள் மலைக்கு ஒத்துவராத ஒன்று இருந்தது. காலையில் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் தங்கமான வெளிச்சம், அதில் எடுங்கள் என்பார். நாகலூரில் மழைக்காலத்தில் அந்த நேரம் எதிர்வீட்டு ஓடே தெரியாது. பனிமூட்டம் வாசல்படி வரை வந்து உட்கார்ந்திருக்கும். போனை நீட்டினால் லென்ஸ் வியர்த்துவிடும். மூட்டத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். எடுத்த படமோ அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். அனுப்பிக் கேட்டபோது அவர் விளக்கினார்: கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், வெள்ளை வெளேரென்ற மூட்டத்தைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளு என்றார். தள்ளினேன். மூட்டம் மூட்டமாகவே வந்தது. மிளகுக் கொடியில் தொங்கிய நீர்த்துளி தனியாகத் தெரிந்தது. அதன் பிறகு எனக்குத் தங்க வெளிச்சத்தின் மேல் ஆசை போய்விட்டது. ஏற்காட்டின் வெளிச்சம் பால் வெளிச்சம். நிழல் விழாத, முகத்தில் கடுமை காட்டாத வெளிச்சம். சினிமாக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்குவது எங்களுக்கு வானம் தருகிறது.

வீட்டுக்குள் கதை வேறு. ஒரே ஒரு ஜன்னல். புகை படிந்த சுவர். அடுத்த வகுப்புக்கு வீட்டு வேலை ஒன்றைச் சில ஷாட்டுகளில் எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஆயா காப்பி வறுப்பதை எடுக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் விற்பனைக்குப் போகாத காய்ந்த பழத்தை உரலில் குத்தித் தொலி நீக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, மறுபடி இடித்துத்தான் காப்பித்தூள். ஆயாவின் முகம் பாதி இருட்டில் போனது. அப்போதுதான் அந்த டிவி அட்டை. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தெர்மாகோல் போதும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார், கிடைக்கவில்லை. அலுமினியத் தாளை ஒட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா எழுந்து வந்தார். அட்டையை எடுத்தார். வாசலில் நின்று வெயிலுக்கு நேராகச் சாய்த்தார். வெளிச்சம் வாசல் வழியாக உள்ளே போய் அடுப்பைத் தொட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆயாவின் கன்னத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கை ஆடவில்லை. எண்பதைத் தாண்டிய கை.

"தாத்தா, இது எப்படித் தெரியும்?"

"இதத்தான கண்ணு நாங்க தூக்கிக்கிட்டு மலையெல்லாம் ஏறினோம்."

அதுவரை அவர் இதைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்கே புதுச் செய்தி. இளவட்டமாகத் தோட்டத்தில் கூலிக்கு இருந்தபோது, கீழே சேலத்திலிருந்து சினிமாக்காரர்கள் ஏறி வருவார்களாம். கங்காணி நாலு பையன்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவாராம். பெட்டி தூக்க, கயிறு பிடிக்க, வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடிக்க. "ஆடக்கூடாது, முகத்த விட்டு வெலகக்கூடாது. காத்தடிச்சா பலகை நம்மளயே இழுத்துக்கிட்டுப் போயிரும். கால அகட்டி நிக்கோணும்." தோட்டக் கூலியைவிட அந்தக் கூலி அதிகம், மதியச் சோறும் உண்டு.

கீழே சேலம் என்று அவர் சொன்னது மாடர்ன் தியேட்டர்ஸை. ஏற்காடு சாலையில் மலை ஏறத் தொடங்கும் முன்னால் இருந்த ஸ்டுடியோ. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர், 1935இல் தொடங்கியது. நூறு படங்களுக்கு மேல் அங்கே எடுத்திருக்கிறார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்து வந்தது. கருணாநிதி வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி'யின் மலை உச்சிக் காட்சி ஏற்காட்டில் எடுத்தது என்று எங்கள் பக்கம் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். இன்று ஸ்டுடியோ இல்லை. சாலையோரத்தில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. சேலத்திலிருந்து வரும் பேருந்தில் அதைத் தாண்டும்போது, பக்கத்து இருக்கைக்காரர் யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார்.

தாத்தாவுக்குத் தான் பலகை பிடித்த படத்தின் பெயர் தெரியாது. யாரும் சொல்லவில்லை, கேட்கிற பழக்கமும் அவர்களுக்கு இல்லை. சில மாதம் கழித்துக் கீழே போனபோது ஒரு கொட்டகையில் படம் பார்த்தாராம். திரையில் நம் பாறை வந்தது, அதன்மேல் நின்ற நடிகை முகத்தில் வெளிச்சம் வந்தது. "அந்த வெளிச்சம் நான் புடிச்சது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அவர் நம்பவில்லையாம்.

அன்றைக்கு எடுத்த காப்பிப் படம் இன்னும் என்னிடம் உண்டு. ஆயாவின் கை கரண்டியைப் புரட்டுவது, முகம், கையும் முகமும் சேர்ந்து, தோளுக்குப் பின்னாலிருந்து சட்டி. கொட்டை பச்சையிலிருந்து பழுப்புக்குப் போய், வெடித்து, எண்ணெய் விடுகிறது. புகைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் புகை தெரியும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தாத்தாவோ யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்று அதைக் கொண்டுவந்தார். கருஞ்சுவருக்கு முன்னால் புகை நூல் நூலாக ஏறியது. வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது வாத்தியார், "ரிஃப்ளெக்டர் யார் பிடிச்சது?" என்றார். தாத்தாவைப் பாறைக்கே அழைத்துப் போய் அவரோடு பேசவைத்தேன். சென்னையில் இருந்தவர் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்றார். தன் துறையில் அத்தனை மூத்தவரை அதற்கு முன் சந்தித்ததில்லை என்றார். தாத்தா என் போனைப் பார்த்து, "வேல மறுபடி வருங்க சாமி, மழ விட்டா சூட்டிங் வந்துரும்" என்று தேற்றினார்.

அந்த வருடம் ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. என் தம்பிக்கு அது பெரிய அடி. அவனும் கூட்டாளிகளும் பேருந்து நிறுத்தத்திலும் களத்திலும் ஆடியது, ஊர்த் திருவிழாவில் எடுத்தது எல்லாம் அந்தச் செயலிக்குள்ளேயே இருந்தன. போனில் இடமில்லை என்று அசலை உடனுக்குடன் அழித்துவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, பையன்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். ஆனால் அந்தத் திருவிழாவில் பம்பை அடித்த பெரியவர் அந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் அடித்ததற்கு இப்போது எந்தச் சாட்சியும் இல்லை.

வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது, ஒரு வகுப்பு முழுக்க இதைப் பற்றியே பேசினார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. இன்று ஒரு பிரதி கூட இல்லை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' இல்லை. படம் எடுக்கத் தெரிந்த நமக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றார். அசலை இரண்டு இடத்தில் வையுங்கள், வாட்ஸப்பில் அனுப்பியதை அசல் என்று நினைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்றார். கோப்புக்கு ஊர்ப் பெயரும் மாதமும் ஆள் பெயரும் போட்டு எழுதி வைக்கச் சொன்னார். ஃபோகஸ், பிரேம் எல்லாவற்றையும்விட அவர் கற்றுக்கொடுத்ததில் பெரிய பாடம் அதுதான் என்பது என் முடிவு.

பிறகு வேறு மாதிரி வகுப்புகள் முளைத்தன. முதல் மூன்று வினாடியில் ஆளைப் பிடிப்பது எப்படி, எந்த நேரத்தில் ஏற்றினால் பார்வை கூடும், முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து நிற்பது எப்படி. என் தோழி ஒருத்தி, ஒரு மாதத்தில் லட்சம் பார்வை என்று சொன்ன ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினாள். வந்தது ஒரு பிடிஎஃப், ஒரு சான்றிதழ். கட்டிய பணம் அவள் அம்மா காப்பிப் பழம் பறித்துச் சேர்த்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. எண்ணிக்கையை முதல் பாடமாக வைக்கிற வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்துக்காரர்களின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் தமிழில் முதலாவதாக ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அவர்கள் காட்டியது தங்கள் ஊர் வயலும், தாத்தாவும், சமைக்கிற சத்தமும்தான். எங்கோ ஒருவர் செய்ததைப் பார்த்து நடித்திருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் ஊரிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள். ஒருவன் வீட்டுத் தோட்டத்து மிளகைப் பறிப்பதில் தொடங்கிக் காய வைப்பது வரை காட்டி, தபாலில் விற்கிறான். இன்னொருத்தி மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பெண்; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறிய கதையைத் தன் அப்பாயி சொல்லச் சொல்லப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அதை இன்னும் எங்கும் ஏற்றவில்லை. "யாருக்குக் காட்டப் போற?" என்று அப்பாயி கேட்டதற்கு, "முதல்ல நம்ம வீட்டுக்கு" என்றாளாம். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. கோடை விழாவுக்கு வருகிற கூட்டம், காப்பி பறிக்கிற பெண்களின் முகத்துக்கு நேராகக் கேளாமல் போனை நீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதிலை நினைத்துக்கொள்கிறேன். என் வாத்தியார் ஆள் முகம் எடுக்கும் முன், போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசச் சொல்வார். பேசி முடித்தபின் அவர்களே "எடு" என்பார்கள். எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் எனக்கு மறுத்ததில்லை.

தாத்தா பேசியதையும் அப்படித்தான் எடுத்தேன். காப்பி குடித்து, வெற்றிலை போட்டு, பழைய கங்காணிகளையெல்லாம் திட்டி முடித்த பிறகு. தம்பியின் பழைய போனை ஒலிப் பதிவுக்காக அவர் சட்டைப் பையில் வைத்து, இரண்டையும் பிறகு சேர்க்க ஒரு கை தட்டிவிட்டுத் தொடங்கினோம். அட்டையைத் தம்பி பிடித்தான். "கால அகட்டி நில்லுடா" என்று பேச்சை நிறுத்தி அவனைத் திருத்தினார். அதை நான் வெட்டவில்லை. எத்தனை நடிகர்கள் முகத்துக்கு வெளிச்சம் பிடித்தாரோ தெரியாது. அவர் முகத்துக்கு ஒருவர் வெளிச்சம் பிடித்தது அன்றைக்குத்தான். இரண்டு வருடம் கழித்து அவர் காலமானார். காரியம் முடிந்த அன்று மாலை வீட்டுச் சுவரில் அதைப் போட்டுக் காட்டினோம். ஆயா முன்னால் வந்து உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் இடையிடையே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதலாளி, நடிகர்கள், வசனகர்த்தாக்கள் பற்றிப் புத்தகங்கள் உண்டு. பலகை பிடித்தவர், கயிறு கட்டியவர், தச்சர், சமையல்காரர், டிராலி தள்ளியவர் பற்றி அதிகம் இல்லை. அவர்களில் சிலர் சேலத்திலும், கன்னங்குறிச்சிப் பக்கத்திலும், எங்கள் மலையிலும் இன்னும் இருப்பார்கள். அன்றைக்கு இருபது வயது என்றால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அவரை வாசல் வெளிச்சத்துக்கு முகம் காட்டி அமர வையுங்கள், போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அவர் பேசாமல் இருக்கும் இடத்திலும் பதிவை நிறுத்தாதீர்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். அசலை அழிக்காதீர்கள்.